சில்லறை இல்லாத கணக்கு

எங்கள் அப்பாவுக்கு வாணியம்பாடியில் சின்னதாகத் தோல் வியாபாரம். லாரியில் வந்து இறங்கும் உப்புத்தோலை ஒருவன் எடுத்துப் போடுவான், இன்னொருவன் சத்தமாக எண்ணுவான், அப்பா பேரேட்டில் குறிப்பார். ஆயிரம் என்று சொல்லி அனுப்பிய சரக்கு எண்ணி முடித்தால் 987 நிற்கும். அந்தப் பதின்மூன்று ஆட்டுத்தோலுக்காக அன்று இருட்டும்வரை சண்டை நடக்கும். அப்பா சொல்வார்: “முழுசா ஆயிரம்னு எவன் சொன்னாலும் நம்பாதே. எண்ணினவன் வாயிலே சில்லறை வரும். எண்ணாதவன்தான் முழு எண் சொல்வான்.”

பல வருடம் கழித்து ஹைதராபாத்தில் ஒரு அறிக்கையைப் படித்தேன். 1948இல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் செத்தவர்கள் குறைந்தபட்சம் 27,000 முதல் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. படித்தவுடன் அழுகை வரவில்லை. அப்பாவின் பேரேடுதான் கண்ணில் வந்து நின்றது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் 13,000. பதின்மூன்று ஆட்டுத்தோல் குறைந்தால் கேட்க எங்கள் அப்பா இருந்தார். பதின்மூன்றாயிரம் மனிதர்கள் செத்தார்களா, பிழைத்தார்களா என்று கேட்க இந்த தேசத்தில் நாதியில்லையா?

இதை எழுதும் எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் அம்மாவைப் பெற்ற நானி பீதர் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவளுடைய அப்பா பஞ்சு கொட்டுகிறவர். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மெத்தைப் பஞ்சு அடித்துக் கொடுத்து, கூலிக்குச் சோளம் வாங்கி வருவார். அவருக்கு ஜாகீர் நிலம் கிடையாது, கோட்டை கிடையாது. சமஸ்தானத்தை ஆண்ட நிஜாமை ஒரு நாளும் பார்த்ததில்லை, ரூபாயில் பெயரைப் பார்த்ததோடு சரி.

1948 செப்டம்பர் 13ஆம் தேதி இந்திய ராணுவம் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். ஐந்து நாள் சண்டை. வந்தது ராணுவம், பெயர் மட்டும் போலீஸ் நடவடிக்கை. ஹைதராபாத் கிழவர்களுக்கு இன்றைக்கும் காலத்தை அளக்கும் கோல் அதுதான். “போலீஸ் ஆக்‌ஷனுக்கு முன்னாடி பிறந்தவன்” என்பார்கள், “ஆக்‌ஷனுக்குப் பிறகு வந்த குடும்பம்” என்பார்கள். ஐந்து நாள் சண்டை எல்லா வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆறாம் நாளிலிருந்து நடந்தது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நானிக்கு அப்போது பதினாறு வயது. அவளுக்கு நடந்தது அந்த ஆறாம் நாளுக்குப் பிறகு.

பக்கத்துத் தெரு நெசவாளி அவளையும் அவள் தங்கையையும் தன் வீட்டுக் குழித்தறிக்குள் இறக்கி, மேலே பாவை இழுத்துவிட்டு, நெய்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். அவர் இந்து. குழிக்குள் அவருடைய கால்கள் மிதிபலகையை மிதிப்பதை முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் கிடந்ததாக நானி சொல்வாள். மூன்றாம் நாள் அந்தக் கால்கள் வரவில்லை. வாசலில் வெட்டிப் போட்டிருந்தார்கள். அதன்பிறகு பெண்களை ஒரு இடத்தில் சேர்த்தார்கள். நெற்றியில் பொட்டு வைத்தார்கள். நானியின் இடது முழங்கைக்குக் கீழே கன்னட எழுத்தில் ஒரு சாமி பெயரைப் பச்சை குத்தினார்கள். நான்கு மாதம் கழித்துத் தாய்மாமன் ஒருவர் தேடி வந்து, ஹைதராபாத் யாகுத்புராவில் இருந்த உறவினர் வீட்டுக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்தார். தங்கை கிடைக்கவில்லை.

விடுமுறைக்கு யாகுத்புரா போகும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்ப்பேன். நானி கோடையிலும் முழுக்கை குப்பாயம்தான் போடுவாள். தொழுகைக்கு முன் ஒளு செய்ய மட்டும் கையை மேலே ஏற்றுவாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை அந்தப் பச்சை வெளியே வரும். தண்ணீர் அதன் மேல் ஓடும். மூன்று முறை தேய்ப்பாள், மற்றக் கையைத் தேய்ப்பதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிறுபிள்ளைப் புத்தியில் ஒரு தடவை, “அந்தச் சாமி மேலே கோபமா நானி?” என்று கேட்டேன். “அது என்ன பண்ணும் பாவம், அதைக் கேட்டுக்கிட்டா குத்தினாங்க?” என்றாள்.

இதை அவள் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லி யாரும் கூப்பிடவுமில்லை. கூப்பிட வேண்டியவர்கள் ஒரு தடவை வந்தார்கள், அவளுடைய கிராமத்துக்கு வரவில்லை. நேரு ஒரு குழுவை அனுப்பினார். பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கஃபார், மௌலானா அப்துல்லா மிஸ்ரி ஆகிய மூவரும் 1948 நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார்கள். நான் படித்தது அவர்களுடைய அறிக்கைதான். உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு ஆகிய நான்கு மாவட்டங்களில் மட்டும் செத்தவர்கள் 18,000 பேருக்குக் குறையாது என்று எழுதினார்கள். லாத்தூரில் இருபது நாளுக்கு மேல் கொலை நடந்தது என்றும், ஏறத்தாழ பத்தாயிரம் முஸ்லிம்கள் இருந்த அந்த ஊரில் மூவாயிரம் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள் என்றும் எழுதினார்கள். கட்டாய மதமாற்றத்தை எழுதினார்கள், பெண்களைத் தூக்கிப்போனதை எழுதினார்கள், கொள்ளையில் சில இடங்களில் சீருடைக்காரர்களுக்கும் பங்கிருந்ததை எழுதினார்கள். முஸ்லிம் நெசவாளர்களைக் காக்க இந்து நெசவாளர்கள் உயிரைக் கொடுத்ததையும் எழுதினார்கள். அந்த இடத்தைப் படித்தபோது அறிக்கையை மூடி வைத்துவிட்டேன். மிதிபலகை மேல் இருந்த அந்தக் கால்கள் கண்முன் வந்துவிட்டன.

ஒரு கிணற்றை எட்டிப் பார்த்து அந்தக் குழு எண்ணியிருக்கிறது. பதினொரு உடல்கள். ஒன்று தாய், அவள் மார்பில் ஒட்டியபடி ஒரு கைக்குழந்தை. பதினொன்று. கவனித்தீர்களா? நின்று எண்ணியபோது சில்லறை வந்துவிட்டது. நிற்காத கிணறுகள் எல்லாம் போய் அந்த 27,000 முதல் 40,000 வரைக்குள் விழுந்துவிட்டன.

அறிக்கை ஒருதலையாக இருக்கிறதென்று அன்றைய உள்துறை அமைச்சர் பட்டேல் ஏற்கவில்லை. அவர் ஏற்காமல் போகட்டும். ஒருதலை என்றால் மறுதலையையும் விசாரித்து, இரண்டையும் சேர்த்து வெளியிட்டிருக்கலாமே! அரசு அதை வெளியிடவேயில்லை. தில்லியில் நேரு நினைவு நூலகத்தில் அந்தத் தாள்களைப் பார்க்கலாம் என்ற செய்தி 2013இல் பரவலாக வந்தது. அறுபத்தைந்து வருடம். அதற்குள் சாட்சி சொல்லக் கூடியவர்கள் முக்கால்வாசிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். என் நானியும் போய்விட்டாள்.

மேலே இருந்தவர்களுக்கு என்ன ஆனது? நிஜாமுக்காக ஆயுதம் தூக்கிய ரஜாக்கர் படைக்குத் தலைவனாக இருந்து, வாளை உருவிக்கொண்டு பேசி ஊரைக் கொளுத்திய காசிம் ரஜ்வி சிறைக்குப் போனான், 1957இல் விடுதலையாகிப் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தான், கராச்சியில் வயதாகிச் செத்தான். நிஜாம் 1950இல் ராஜபிரமுக், அதாவது மாநிலத் தலைவர், ஆனார், 1956வரை அந்தப் பதவியில் இருந்தார், மானியமும் வாங்கினார். ராஜாவுக்குப் பதவி, படைத்தலைவனுக்குப் பயணம், பஞ்சு கொட்டுகிறவனுக்குக் கிணறு. ரஜ்வி செய்த பாவத்தை அவன் கையில் யாரும் குத்தவில்லை. என் நானி கையில் குத்தினார்கள்.

ஹைதராபாத் நகரத்துக்கு அழத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முஹர்ரம் பத்தாம் நாள் பழைய ஊருக்கு வந்து பாருங்கள். தபீர்புராவிலிருந்து பீபி கா அலம் என்ற புனிதச் சின்னம் யானை மேல் புறப்படுகிறது. சார்மினார், குல்சார் ஹௌஸ், தாருல்ஷிஃபா என்று போய் சாதர்காட்டில் முடிகிறது. கறுப்பு உடை, வெறும் கால், மார்பில் அறையும் சத்தம். இந்துக்களும் வந்து நிற்கிறார்கள். நகரப் போலீஸ் கமிஷனரே வந்து அலத்துக்குத் துணி சார்த்துகிறார். நாங்கள் சுன்னிகள். இருந்தாலும் நானி ஒரு வருடமும் தவறவிட்டதில்லை, ஓரமாக நின்று முக்காட்டைக் கடித்துக்கொண்டு அழுவாள்.

யாருக்காக அந்த அழுகை? ஹிஜ்ரி 61ஆம் வருடம், அதாவது 680ஆம் ஆண்டு, கர்பலா மணலில் கலீஃபா யஜீதுக்குப் பணிய மறுத்துக் கொல்லப்பட்ட ஹுசைனுக்கும் அவரோடு விழுந்தவர்களுக்கும். எழுபத்திரண்டு பேர் என்று கணக்கு. எண்பது என்று யாரும் முழுசாக்கவில்லை, ‘ஏறத்தாழ’ என்று சேர்க்கவில்லை. தண்ணீர் கொண்டுவரப் போன அப்பாஸ் யார், ஆறு மாதக் குழந்தை அலி அஸ்கர் யார், இளம்பிள்ளை காசிம் யார் என்று யாகுத்புராவில் கடலை விற்கிற பையன்கூடச் சொல்வான். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலாக அந்தக் கணக்கில் ஒருவர்கூடத் தொலையவில்லை. காரணம், ஹுசைனின் சகோதரி ஜைனப் உயிரோடு மிஞ்சினார். சங்கிலியோடு யஜீதின் சபையில் நிறுத்தப்பட்டபோது வாயை மூடிக்கொள்ளவில்லை.

எண்ண ஆளிருந்தால் எழுபத்திரண்டு, எண்ண ஆளில்லாவிட்டால் முழு எண். வரலாற்றைப் புரட்டினால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கர்பலா நடந்த அதே ஏழாம் நூற்றாண்டில்தான் நம் மதுரையில் சமணர்களைக் கழுவேற்றியதாகச் சைவ இலக்கியம் சொல்கிறது. எத்தனை பேர்? எண்ணாயிரம். நடந்ததா இல்லையா என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். நடந்திருந்தால் அந்த எண்ணாயிரத்தில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? எண்ணியவர்கள் அவர்களுடைய ஆட்கள் இல்லையே, ஜெயித்தவர்கள் அல்லவா எண்ணினார்கள்! 1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் வாங்கிய மீனவர்களை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கொல்லச் சொன்னான். அறுநூறு என்பார்கள், எழுநூறு என்பார்கள். அங்கேயும் சில்லறை இல்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்குத் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, பழைய பெயர் நீலகண்டன் என்பதுகூட இருக்கிறது. 270 வருடம் கழித்து, 2022 மே 15இல், ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நினைத்துக்கொண்டே இருக்க ஒரு கூட்டம் இருந்தது. இல்லாவிட்டால் அவரும் ஏதோ ஒரு முழு எண்ணுக்குள் போயிருப்பார்.

நம் கிறிஸ்தவர்கள் இப்படிச் செத்தவர்களை இரத்தசாட்சி என்கிறார்கள். அரபியில் ஷஹீத் என்ற சொல்லுக்கும் வேர் சாட்சிதான். சாவதே சாட்சி சொல்வது என்று இரண்டு மார்க்கமும் நினைத்திருக்கின்றன. நான் கேட்பது வேறு. செத்துச் சாட்சி சொன்னவர்களைத் தலைமேல் வைக்கிறீர்கள், சரி. சாகாமல் மிஞ்சிய சாட்சியை என்ன செய்தீர்கள்? கண்ணகிக்குக் கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது, உடைத்துக் காட்ட ஒரு சபையும் இருந்தது. என் நானிக்குக் கையே சிலம்பு. சபைதான் கூடவில்லை.

சபை கூடுகிறது, ஆனால் வேறு எதற்கோ கூடுகிறது. வருடா வருடம் செப்டம்பர் 17 வந்தால் இந்த நகரத்தில் கொடி ஏற்றப் போட்டி. 2022இல் செகந்திராபாத் பரேடு மைதானத்தில் மத்திய அரசு விடுதலை நாள் கொண்டாடியது. அதே நாளில் மாநில அரசு தேசிய ஒருமைப்பாட்டு நாள் என்று தனியாகக் கொடியேற்றியது. பிறகு ஆட்சி மாறியது, 2024இல் மக்களாட்சி நாள் என்று மூன்றாவது பெயர் வைத்தார்கள். ஒரு தேதிக்கு மூன்று பெயர். அந்தத் தேதிக்கு மறுநாளிலிருந்து செத்தவர்களுக்கு ஒரு பெயரும் இல்லை. எங்கள் தலைவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களும் யோக்கியம் இல்லை. தேர்தல் வந்தால் எங்கள் காயத்தைக் கீறிக் காட்டுவார்கள், முடிந்ததும் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள்.

நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே உங்கள் கேள்வி எனக்குத் தெரிகிறது. “ரஜாக்கர்கள் செய்ததை மறந்துவிட்டாயா?” மறக்கவில்லை. மறக்க எனக்கு உரிமையும் இல்லை. 1948 ஆகஸ்ட் 27இல் பைரான்பள்ளி கிராமத்தை ரஜாக்கர்களும் நிஜாம் படையும் சூழ்ந்து, புர்ஜு என்ற காவல் கோபுரத்தின் மேல் நின்று எதிர்த்த மக்களை வீழ்த்தி, ஆண்களை வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். அந்தப் புர்ஜு இன்றும் நிற்கிறது. அதற்கு ஐந்தாறு நாள் முன்பு, ‘இம்ரோஸ்’ உருதுப் பத்திரிகையின் ஆசிரியர் ஷோயபுல்லா கான் ராத்திரி வீடு திரும்பும்போது மடக்கிக் கொல்லப்பட்டார். எழுதிய கையையும் வெட்டினார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று எழுதியதுதான் அவர் செய்த குற்றம். அவர் முஸ்லிம், வெட்டியவர்களும் முஸ்லிம்கள். அவர்களுக்காக நான் வெட்கப்படுகிறேன். ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்தது சரி என்றே சொல்கிறேன். கூலியில்லாமல் வெட்டிவேலை வாங்கிய தேஷ்முக், ஜாகீர்தார் நிலக்கிழார்கள் ஒழிந்தது நல்லதென்றே சொல்கிறேன்.

சொல்லிவிட்டேன். இப்போது என்னுடையதைக் கேட்பீர்களா? ஒவ்வொரு தடவையும் எங்கள் பிணத்தைப் பற்றிப் பேசும் முன் உங்கள் பிணத்துக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். உங்களில் ஒருவராவது பைரான்பள்ளியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு லாத்தூர் என்று சொன்னதுண்டா? ஆகஸ்டில் ஒருவன் கொன்றான் என்பதற்காக, செப்டம்பரில் வேறு ஒருவனைக் கிணற்றில் போட்டால் கணக்கு நேராகிவிடுமா? எந்த ஊர்க் கணக்கு இது? கடன் வாங்கியவன் கராச்சியில் இருக்க, பஞ்சு கொட்டுகிறவனிடம் வட்டியும் முதலும் வசூலித்தீர்களே!

நான் பழிவாங்கக் கேட்கவில்லை. கொன்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என் பிள்ளைகளோடு ஒரே கல்லூரியில் படிக்கிறார்கள். நஷ்ட ஈடும் கேட்கவில்லை. எண்ணுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஊர் ஊராக, வீடு வீடாக எண்ணுங்கள். ரஜாக்கர் கொன்றவரையும் எண்ணுங்கள், ரஜாக்கர் என்று சொல்லிக் கொன்றவரையும் எண்ணுங்கள். காப்பாற்றப் போய்ச் செத்தவர்களைத் தனியாக, முதல் பக்கத்தில் எழுதுங்கள். அரசாங்கத்தின் பெட்டியில் இன்னும் தாள்கள் இருந்தால் வெளியே எடுங்கள். மூன்று பெயர் வைத்த அந்தத் தேதியில், கொடி ஏற்றிய கையோடு, அந்தப் பட்டியலை ஒருவர் மைக்கில் வாசிக்கட்டும். நாள் முழுக்க வாசிக்க வேண்டியிருக்கும். வாசிக்கட்டும்.

நான் ஆரம்பித்துவிட்டேன். நானியின் கடைசி வருடங்களில் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருவேன். “கித்தே லோகான், நானி?” என்று கேட்பேன். எத்தனை பேர் என்று அர்த்தம். முதலில், “நக்கோ பேட்டா, வேண்டாம், ரொம்பப் பேர்” என்பாள். பிறகு விரல் மடக்கத் தொடங்குவாள். அந்தக் கணக்கில் அவளுடைய அப்பா. அண்ணன்மார் இரண்டு பேர். வளையல் விற்கும் கிழவர். பாங்கு சொல்கிறவர், அவருடைய மகன். கடைசி வீட்டு மருமகள், பெயர் மறந்துவிட்டது, அவள் வயிற்றில் இருந்தது. “அதையும் எண்ணணுமா நானி?” என்றேன். “எண்ணு” என்றாள். தங்கையை எண்ணவில்லை. “செத்ததை நான் பார்க்கலை, அவளை எப்படி எழுதுறது?” என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். எத்தனை தடவை கேட்டாலும் விரலில் முதலில் மடங்குவது அந்த நெசவாளிதான்.

அவள் மவுத்தானபோது மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த பெண்களில் ஒருத்தி அந்தக் கையைப் பார்த்துத் திடுக்கிட்டு, “இது என்ன?” என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. தண்ணீரை வாங்கி அந்த இடத்தில் தானே ஊற்றினாள், மூன்று முறை. பச்சை அப்படியே இருந்தது. அதோடுதான் கஃபனைச் சுற்றினோம்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. நெசவாளியில் தொடங்கி, பெயரில்லாத மருமகளின் வயிற்றில் இருந்ததுவரை முப்பத்தொரு பேர். ஒரு கிராமம், ஒரு கிழவியின் விரல்கள். உங்கள் 27,000த்திலிருந்தோ 40,000த்திலிருந்தோ, எதிலிருந்து வேண்டுமானாலும் இந்த முப்பத்தொன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்குப் பேரேடு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்பா இப்போது இருந்திருந்தால் என் கணக்கை நம்பியிருப்பார். அதில் சில்லறை இருக்கிறது.